கட்டைவிரல் மறைக்காத பக்கம்

ஞானக் கதை என்றால் குருவுக்குத் தாடி வேண்டும், சீடனுக்குப் பால் வடியும் முகம் வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இந்தக் கதைக்கு அது சரிப்படாது. இதில் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் எஸ்தர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, அதோடு கூடைப்பந்து நடுவர். சீடருக்கு ஐம்பத்திரண்டு. பெயர் பரமன். மின்வாரியத்தில் லைன்மேன். நாற்பத்தேழாவது வயதில் நடுவர் பரீட்சை எழுத ஆசை வந்து, எஸ்தரிடம் பாடம் கேட்டுத் தேறியவர். சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை அண்ணே என்பார். இருவருக்கும் அது இயல்பாகவே இருந்தது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மே மாதம் ஐந்து நாள் போட்டி. கடைசி நாள் மாலை நாலரை மணி. ஆறு மணிக்கு இறுதி ஆட்டம். கோர்ட்டை ஒட்டிய கிளப் அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கேரம் போர்டு. சன்னலுக்கு வெளியே கூட்டம் சேரும் சத்தம் கேட்டது.

பரமன் ஷூ லேஸை மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டினார்.

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. போன வருடம் இதே கோர்ட்டில், இதே இரண்டு அணிகளுக்கு அவரும் தர்மர் என்ற இன்னொரு நடுவரும் நின்றார்கள். கடைசி நிமிடம். வெளியூர் அணிக்காரன் ஒருவன் பந்தோடு கூடைக்குப் பாய்ந்தான். உள்ளூர்க்காரன் குறுக்கே நின்றான். இருவரும் மோதி விழுந்தார்கள். அது கூடைக்கு அடியில் நின்ற தர்மரின் பக்கம். தர்மர் விசில் ஊதி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். குறுக்கே நின்றவன் மேல் தப்பு என்று அதற்கு அர்த்தம். அதே நேரம், பின்னால் நாற்பது அடி தள்ளி நிற்க வேண்டிய பரமன், ஓடி வந்து தானும் ஊதி, முஷ்டியால் உள்ளங்கையில் குத்தினார். பாய்ந்தவன் மேல் தப்பு என்று அதற்கு அர்த்தம்.

ஒரே மோதலுக்கு இரண்டு நடுவர், இரண்டு தீர்ப்பு. கூடைப்பந்தில் இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. இரண்டு ஊர்க்காரர்களும் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். நாற்காலி பறந்தது. ஒரு பாட்டில் தர்மரின் புருவத்தைக் கிழித்தது. தர்மர் அன்றோடு விசிலைக் கழற்றி வைத்துவிட்டார். பரமனை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள்.

கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் அன்றைக்கு ஆட்டத்தைப் பிடித்திருந்தார். அதைப் பார்த்தால் பரமன் சொன்னதுதான் சரி. அதுதான் பரமனுக்குப் பொறுக்கவில்லை. அந்த வீடியோவை போனில் ஏற்றிக்கொண்டு, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் காட்டினார். "பாருங்க, நான் சொன்னது சரியா தப்பா?" எல்லாரும் சரி என்றார்கள். தண்டனை மட்டும் குறையவில்லை.

கதவு திறந்தது. போட்டிச் செயலாளர் சந்தானராஜ் தலையை மட்டும் நீட்டினார்.

"மேடம், நீங்க கேட்டீங்கன்னுதான் இவரு பேரப் போட்டேன்."

"தெரியும் சார்."

"இன்னிக்கு ஏதாச்சும் ஆச்சு, இவரு விசில் அதோட சரி. நானே ஸ்கோர் டேபிள்ல உக்காந்து பாப்பேன்."

"பாருங்க சார்."

"உங்க பேரும் சேந்து கெடும் மேடம். யோசிச்சுக்கங்க."

கதவு மூடிக்கொண்டது. பரமன் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் கேரம் காய்களைக் கொட்டி, ஐந்து கறுப்பும் ஐந்து வெள்ளையும் பொறுக்கி எடுத்தார். மீதியைப் பெட்டியில் போட்டார்.

"இது கோர்ட். இந்தப் பத்துக் காயும் பத்து ஆளு. ஸ்ட்ரைக்கர்தான் பந்து. நான் கூடைக்கு அடியில. நீங்க பின்னால. சரியாண்ணே?"

"சரி மேடம்."

"பந்து என் பக்கம் வந்துருச்சு. இப்ப நீங்க எதப் பாக்கணும்?"

"பந்து இல்லாத ஆளுகள."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. பாருங்க."

எஸ்தர் ஸ்ட்ரைக்கரை மெல்ல நகர்த்தினார். ஒரு கறுப்புக் காய் குறுக்கே வந்தது. ஸ்ட்ரைக்கர் சுற்றிக்கொண்டு போனது. இன்னொரு கறுப்புக் காய் வந்தது. ஸ்ட்ரைக்கரும் காயும் டக்கென்று மோதின.

"உங்க பக்கம் எத்தன காய்ண்ணே?"

பரமன் குனிந்து எண்ணினார். நாலு இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தது. எஸ்தர் இடது கையைத் திறந்தார். அதில் ஒரு வெள்ளைக் காய் இருந்தது.

"இது கண்கட்டு வித்தை மேடம்."

"ஆமாண்ணே."

காயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எஸ்தர் வேறு பேச்சுக்குப் போனார். ஜம்ப் பால் யார் போடுவது, டேபிளுக்கு எதிரே யார் நிற்பது, டைம் அவுட்டில் எங்கே சந்திப்பது. பிறகு கையை உயர்த்திக் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா ஊதிட்டா, கைய மட்டும் தூக்குங்க. வேற எதுவும் காட்டாதீங்க. என் கண்ணப் பாருங்க. என் பக்கம்னா நான் காட்டுறேன். உங்க பக்கம்னா நீங்க காட்டுங்க."

பரமன் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. உள்ளே கிடந்த கேள்வி இப்போதுதான் வாய்க்கு வந்தது.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"உங்க பக்கம் நீங்க ஒரு தப்புப் பண்றீங்க. அத நான் பாத்துட்டேன். நான் என்ன செய்ய?"

"நீங்க எப்படிப் பாப்பீங்க?"

"கண்ணுல பட்டுருச்சு."

"உங்க கண்ணு எங்க இருந்துச்சு?"

பரமனுக்குக் கோபம் வந்தது. "எனக்குத் தெரியும் மேடம் நீங்க எங்க வர்றீங்கன்னு. நம்பணும்னு சொல்லப் போறீங்க. நம்பறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல. முப்பது வருசமா போஸ்ட் ஏறுறேன். லைன ஆஃப் பண்ணிட்டேன்னு எங்கேயோ உக்காந்து ஒருத்தன் போன்ல சொல்லுவான். அவன் மூஞ்சியக்கூட பாத்திருக்க மாட்டேன். ஏறிருவேன். ஆனா கோர்ட்ல பக்கத்தாளு கண்ணு முன்னாலேயே தப்பாக் காட்டுறான். அத எப்படிச் சும்மா விட? நியாயம்னு ஒண்ணு இல்லையா?"

"நம்பிக்கையப் பத்தி நான் பேசலயேண்ணே."

"வேற எதப் பத்தி?"

எஸ்தர் கையை நீட்டினார். "உங்க போனக் குடுங்க. அந்த வீடியோவப் போட்டுக் குடுங்க."

பரமன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. மேடம் இதுவரை அந்த வீடியோவைப் பார்த்ததாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்த்தால் புரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவசரமாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். "நாப்பத்தோராவது செகண்டுல இருந்து பாருங்க மேடம். அவன் கால் நின்னுருச்சு. வந்தவன்தான் நெஞ்சுல இடிக்கிறான். நான் நூறு தடவ பாத்திருக்கேன்."

"நூறு தடவயா?"

"மேலேயே இருக்கும்."

எஸ்தர் போனை கேரம் போர்டின் மேல் வைத்தார். கூடைக்கு அடியில் இருக்கும் இடத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்து மூடினார்.

"நூத்தி ஒண்ணாவது தடவ பாருங்க."

"மேடம், வெரல எடுங்க. அங்கதான் நடக்குது."

"பாருங்கண்ணே."

வீடியோ ஓடியது. கட்டைவிரலுக்குக் கீழே என்ன நடந்ததோ, அது தெரியவில்லை. மிச்சமிருந்த இடத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். இடது மூலையில் உள்ளூர் அணியின் பதினாலாம் நம்பர். அவனை ஒட்டி வெளியூர் அணியின் எட்டாம் நம்பர். எட்டாம் நம்பர் ஒருமுறை தலையைத் திருப்பினான். பிறகு அவன் முழங்கை மேலே எழுந்தது. பதினாலாம் நம்பரின் தொண்டையில் நேராக இறங்கியது. பதினாலு கழுத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். அடுத்த நொடி திரையின் ஓரத்திலிருந்து கூட்டம் உள்ளே வந்து அவனை மூடியது.

எஸ்தர் மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் முழங்கை எழுந்தது.

"அது யாரு பக்கம்ண்ணே?"

"எம் பக்கம்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

பரமன் திரையை மூடியிருந்த எஸ்தரின் கட்டைவிரலைக் காட்டினார்.

அந்தப் பதினாலாம் நம்பரின் பெயர் நாகூர்கனி. தொண்டை வீங்கி, இருபது நாள் பேச முடியாமல் கிடந்தான். கூட்டத்தில் மிதிபட்டான் என்றுதான் ஊரில் பேச்சு. அவன் மட்டும், எட்டாம் நம்பர் இடித்தான் என்று எழுதிக் காட்டினான். விசாரித்தார்கள். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான நடுவரைக் கேட்டார்கள். பொறுப்பான நடுவர், தான் சரியாகச் சொன்ன தீர்ப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

"ரிப்போர்ட்ல நான் என்ன எழுதுனேன் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"என் பக்கம் எதுவும் நடக்கவில்லைன்னு எழுதுனேன்."

"ஆமா."

"பொய் எழுதணும்னு எழுதல."

"அதுவும் தெரியும்ண்ணே."

வெளியே மைக்கில் யாரோ அணிகளின் பெயர்களைக் கூப்பிட்டார்கள். விசில் சத்தமும் கைதட்டலும் எழுந்தன. பரமன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி கேரம் போர்டின் மேல் வைத்தார்.

"நான் இன்னிக்கு நிக்கல மேடம்."

"இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

"அந்தப் பையன் இன்னிக்கு ஆடுறான்."

"எட்டாம் நம்பரும் ஆடுறான்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் முன்னால போய் நிக்க?"

எஸ்தர் விசிலை எடுத்தார். நூலில் விழுந்திருந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். பிறகு அவரிடம் நீட்டினார்.

"அவனுக்கு உங்க மூஞ்சி எதுக்குண்ணே? கண்ணு இருந்தாப் போதும்."

பரமன் வெகுநேரம் வாங்கவில்லை. எஸ்தர் கையை இறக்கவும் இல்லை. கடைசியில் பரமன் வாங்கி மாட்டிக்கொண்டார். "நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல மேடம்" என்றார். அப்போதும் அந்தக் கேள்வியை அவரால் விட முடியவில்லை.

"ஆட்டம் முடியட்டும்" என்றார் எஸ்தர்.

ஆறு மணிக்கு அவர்கள் கோர்ட்டுக்குள் போனபோது கூட்டம் பரமனை அடையாளம் கண்டுகொண்டது. "ரெட்டை விசிலு வந்துட்டாருடோய்!" என்று ஒரு குரல் கேட்டது. சிரிப்பு சுற்றிவந்தது. பரமன் நிமிர்ந்துதான் நடந்தார். ஆனால் காது சிவந்துவிட்டது. நாகூர்கனி கூடையின் கீழே பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். பரமனைப் பார்த்தான். வணக்கமும் சொல்லவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. பார்த்துவிட்டு பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

எஸ்தர் பந்தை மேலே எறிந்தார். ஆட்டம் தொடங்கியது.

சொல்வது எளிது. பத்துப் பேர் ஓடுகிறார்கள், ஆயிரம் பேர் கத்துகிறார்கள். அத்தனை பேர் கண்ணும் பந்தின் மேல். அந்த நேரத்தில் பந்தைப் பார்க்காமல் இருப்பது, பசித்தவன் இலைக்கு முதுகு காட்டி உட்காருவது மாதிரி. முதல் கால்பகுதியில் பரமனின் கண் ஆறேழு முறை எஸ்தரின் பக்கம் ஓடியது. ஒவ்வொரு முறையும் பிடரியில் அடித்து இழுத்துவருவதுபோல் அதைத் திருப்பினார். ஒருமுறை திருப்பும்போதே எவனோ எவன் பனியனையோ விட்டான். யார் என்று தெரியவில்லை.

இடைவேளையில் எஸ்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தன காய்ண்ணே?"

"குறையுது மேடம். எவனோ பனியனப் பிடிச்சான். விட்டதத்தான் பாத்தேன்."

எஸ்தர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது கால்பகுதி முடிந்ததும் அதையே கேட்டார்.

"எத்தன?"

"எல்லாம்னு சொல்ல ஆசைதான்."

மூன்றாவது முடிந்ததும் எஸ்தர் கேட்கவில்லை. பரமனும் சொல்லவில்லை. அவர் வியர்வையைத் துடைக்கும்போதுகூட கண் அணிகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளின் மேலேயே இருந்தது. டேபிளில் இருந்து சந்தானராஜ் அவரையே கவனித்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் என்ன, பந்து போகிற திசையையே பார்க்க மாட்டேன் என்கிறான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

கடைசி ஒன்பது விநாடி. வெளியூர் அணி ஒரு புள்ளி முன்னால். பந்து உள்ளூர் அணியிடம். ஊரே எழுந்து நின்றது. எஸ்தர் கூடைக்கு அடியில், வலது ஓரம். பரமன் பின்னால், நடுக்கோட்டுக்கு அருகில். உள்ளூர் அணியின் கேப்டன் பந்தைத் தட்டிக்கொண்டு வலது பக்கம் இறங்கினான்.

வலது பக்கம் எஸ்தரின் பக்கம். பரமன் கண்ணை இடது மூலைக்குக் கொண்டுபோனார்.

அங்கே நாகூர்கனி நின்றான். அவனை ஒட்டி எட்டாம் நம்பர். நாகூர்கனி கூடைப் பக்கம் ஓட ஒரு அடி எடுத்து வைத்தான். எட்டாம் நம்பர் வழியை மறித்தான். கூட்டத்தின் சத்தம் ஏறியது. வலது பக்கம் ஏதோ நடக்கப் போகிறது என்று அந்தச் சத்தம் சொன்னது. பரமனின் கழுத்து நரம்பு துடித்தது. ஒரே ஒரு நொடி, ஒரே ஒரு பார்வை. முழு உடம்பும் அதற்குக் கெஞ்சியது. அவர் திரும்பவில்லை.

எட்டாம் நம்பர் தலையைத் திருப்பினான்.

அவன் பந்தைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்க்கவில்லை. பரமனைப் பார்த்தான். பரமன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் முழங்கை விலா உயரத்துக்கு வந்திருந்தது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

அந்த நேரத்தில் வலது பக்கம் தொம்மென்று ஒரு சத்தம், விசில், அதன்மேல் ஆயிரம் பேரின் அலறல். பரமன் இப்போது திரும்பினார். இரண்டு பேர் தரையில் கிடந்தார்கள். பந்து கூடை வலையிலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. எஸ்தர் ஒரு கையை உயர்த்தியபடி நின்றார். அவர் பரமனின் கண்ணைத் தேடவில்லை. முஷ்டியால் உள்ளங்கையில் குத்தினார்.

பாய்ந்தவன் மேல் தப்பு. கூடை செல்லாது. இன்னும் நாலு விநாடி. பந்து வெளியூர் அணிக்கு.

போன வருடத்தின் அதே மோதல். அன்று பரமன் காட்டிய அதே தீர்ப்பு. இந்த முறை உள்ளூருக்கு எதிராக.

கம்பித் தடுப்பு குலுங்கியது. ஒரு செருப்பு கோர்ட்டுக்குள் வந்து விழுந்தது. உள்ளூர் அணியின் பயிற்சியாளர் விக்டர் எஸ்தரிடம் போகவில்லை. நேராகப் பரமனிடம் ஓடி வந்தார்.

"பரமன் சார்! நீங்க சொல்லுங்க சார்!"

"என்னத்த?"

"அது எங்க பையன் மேல ஃபவுலா? குறுக்க வந்தவன் நகந்துக்கிட்டேதான் இருந்தான். ஊரே பாத்துச்சு. நீங்க மனசாட்சி உள்ளவரு சார். போன வருசம் தனி ஆளா நின்னு உண்மையச் சொன்னது நீங்கதான். இன்னிக்கும் நீங்கதான் சொல்லணும்."

ஒரு வருடமாகப் பரமனின் காது அந்த வார்த்தைக்குத்தான் ஏங்கிக் கிடந்தது. எத்தனை டீக்கடையில் எத்தனை பேரிடம் வீடியோவைக் காட்டியும் கிடைக்காத வார்த்தை. அது இப்போது ஆயிரம் பேர் நடுவில் வந்து அவர் காலடியில் விழுந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டம் அமைதியானது. சந்தானராஜ் டேபிளில் இருந்து எழுந்துவிட்டார். எஸ்தர் இருந்த இடத்தில் அசையாமல் நின்றார்.

"சொல்லுங்க சார். அது ஃபவுலா இல்லையா?"

"நான் பாக்கல" என்றார் பரமன்.

விக்டருக்கு ஒரு கணம் புரியவில்லை. "என்ன சார்?"

"நான் அதப் பாக்கல."

"பாக்கலயா? அப்புறம் எதுக்குய்யா விசில மாட்டிக்கிட்டு நிக்கிற? எங்க பாத்துக்கிட்டிருந்த?"

பரமன் இடது மூலையைக் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. நாகூர்கனியும் எட்டாம் நம்பரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு நடுவர் பார்க்கவில்லை என்று சொன்னால் அடிப்பதா சிரிப்பதா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு நாலு பேர். பிறகு கோர்ட்டைச் சுற்றிச் சிரிப்பு ஓடியது. "கண் ஆஸ்பத்திரிக்குப் போப்பா!" என்று யாரோ கத்தினார்கள். விக்டர் கையை உதறிவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போனார். பரமனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானம்தான். அதோடு கூட வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அவர் தன் இடத்துக்குப் போய் நின்றார்.

நாலு விநாடி ஓடியது. உள்ளூர் அணி ஒரு புள்ளியில் தோற்றது. கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. தடுப்பு விழவில்லை, யாருக்கும் புருவம் கிழியவில்லை.

கிளப் அறையில் கேரம் காய்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. இருவரும் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். பரமன் முன்னால் ஆட்டத்தின் ரிப்போர்ட் தாள் இருந்தது. பேனாவை எடுத்தார், எழுதாமல் வைத்தார்.

சந்தானராஜ் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் போன்.

"மேடம், வாட்ஸ்அப்புல அதுக்குள்ள வந்துருச்சு. கடைசி ஒம்போது செகண்டு. நீங்க சொன்னது சரியா தப்பான்னு ஊரே சண்ட போடுது. நான் இன்னும் பாக்கல. நீங்களே பாத்துருங்க."

எஸ்தர் கையை நீட்டவில்லை. "அண்ணன்கிட்ட குடுங்க" என்றார்.

பரமன் போனை வாங்கினார். கேள்வி கேட்ட ஆள் அவர்தான். பதில் இப்போது அவர் உள்ளங்கையில் இருந்தது. மேடம் செய்தது சரியா தப்பா. பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர் போனைக் கேரம் போர்டின் மேல் வைத்தார். கூடைக்கு அடியில் இருக்கும் இடத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்தார். கம்பி பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன விரல். அது திரையில் பாதியை மறைத்தது. பிறகு ஓடவிட்டார்.

"யோவ், விரல எடுய்யா. ஒண்ணும் தெரியல" என்றார் சந்தானராஜ்.

பரமன் எடுக்கவில்லை. முழுவதும் பார்த்தார். முடிந்ததும் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சார், எனக்கு ஒண்ணு வேணும். போன வருசம் நான் எழுதுன ரிப்போர்ட் ஆபீஸ்ல இருக்கும்ல?"

"இருக்கும். எதுக்கு?"

"அதுல கடைசி வரிய அடிக்கணும். என் பக்கம் எதுவும் நடக்கலன்னு எழுதியிருக்கேன். நான் பாக்கலன்னு எழுதணும். எழுதி நாகூர்கனிகிட்ட ஒரு காப்பி குடுக்கணும்."

சந்தானராஜ் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் தலையசைத்தார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு சந்தானராஜ் போய்விட்டார். வாசலில் நின்று வீடியோவை முழுசாகப் பார்ப்பது தெரிந்தது. என்ன முடிவுக்கு வந்தார் என்று உள்ளே இருந்த இருவரும் கேட்கவில்லை.

எஸ்தர் காய்களைப் பெட்டியில் போடத் தொடங்கினார்.

"உங்க பக்கம் என்ன நடந்துச்சுண்ணே?"

"ஒண்ணும் நடக்கல மேடம்."

"ஒண்ணுமேயா?"

பரமன் யோசித்துச் சொன்னார். "எட்டாம் நம்பர் கைய ஓங்குனான். ஓங்குறதுக்கு முன்னால தலையத் திருப்பி என்னைப் பாத்தான். நானும் பாத்துக்கிட்டிருந்தேன். கைய எறக்கிட்டான். விசில் ஊதக்கூட வேல இல்ல."

எஸ்தர் கடைசி வெள்ளைக் காயைக் கையில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருசமும் அவன் மொதல்ல உங்களத்தாண்ணே பாத்தான்."